மேலது முதல் முதற்குறிப்பு வரை: நம் ஆய்வேடுகளின் அடிக்குறிப்பு வரலாறு

நம் துறை நூலகத்தில் ஐம்பது ஆண்டு ஆய்வேடுகள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. ரெக்சின் அட்டை, முதுகில் பொன்னெழுத்து, உள்ளே தட்டச்சுத் தாளும் பிற்காலத்தில் கணினித் தாளும். ஆய்வாளர் பெயர், நெறியாளர் பெயர், பட்டம் பெற்ற ஆண்டு ஆகியவற்றை இம்மலரின் பட்டியல் பக்கங்களில் காணலாம். மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது வேறொரு வரலாறு. இந்த ஆய்வேடுகளில் அடிக்குறிப்பு எப்படி எழுதப்பட்டு வந்தது, ஒருமுறை காட்டிய நூலை மறுமுறையும் பத்தாம் முறையும் காட்ட வேண்டி வந்தபோது நம்மவர் என்ன செய்தனர் என்பதை எழுதித் தரும்படி கேட்டனர்.

மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். ஓர் ஆய்வு நிறுவனத்தின் நாணயம் அதன் அடிக்குறிப்பில் தெரியும் என்று நம்புகிறவன் நான். முதல் குறிப்பை எல்லோரும் ஒழுங்காகவே எழுதுகிறார்கள். ஆசிரியர், நூல், பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம் என எல்லாம் வரிசையாக வந்துவிடும். கவனம் தளர்வது இரண்டாம் குறிப்பில்தான். ஆய்வேட்டில் உள்ள குறிப்புகளில் பெரும்பகுதி இப்படித் திரும்ப வருபவையே. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்ட ஆய்வில் அந்த நூலும் அடியார்க்கு நல்லார் உரையும் பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் படிப்பவரை மூலம் வரை அழைத்துச் செல்கிறோமா, பாதி வழியில் விட்டுவிடுகிறோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

உரையாசிரியர்களும் ஐயரவர்களும்

மேற்கோள் காட்டுவது தமிழுக்குப் பழைய பழக்கம். பேராசிரியர், நச்சினார்க்கினியர், அடியார்க்கு நல்லார் உரைகளில் மேற்கோள் இல்லாத பக்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அவர்கள் பெரும்பாலும் அடியை மட்டும் தருவார்கள். எந்த நூல், எத்தனையாவது பாட்டு என்று சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. ஆசிரியரிடம் பாடம் கேட்டவருக்கு நூல் மனப்பாடம்; அடியைச் சொன்னால் இடம் தானே தெரியும். அந்தப் பாடமரபு அறுந்த பிறகுதான் மேற்கோளின் இடம் ஒரு சிக்கலாயிற்று.

அந்தச் சிக்கலை முழுமையாக எதிர்கொண்டவர் உ.வே. சாமிநாதையர். சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது நச்சினார்க்கினியர் உரையில் பெயர் சொல்லாமல் வந்த மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று அவர் தேடிய கதையை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் அறிவார்கள். அந்தத் தேடல்தான் அவரைச் சங்கநூல் ஏடுகளுக்குள் இன்னும் ஆழமாக இறக்கியது. சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொரு பதிப்பிலும் பாடபேதம், ஒப்புமைப் பகுதி, மேற்கோளின் இடம் ஆகியவை பக்க அடியில் திரண்டு நின்றன.

ஒப்புமை காட்டும் அடிக்குறிப்பில் ஒரே நூல் நூறு முறை வரும். ஐயரவர்கள் அதற்குக் கையாண்ட வழி முதற்குறிப்பு. சீவகசிந்தாமணி ‘சீவக.’ ஆகும், சிலப்பதிகாரம் ‘சிலப்.’ ஆகும், புறநானூறு ‘புறநா.’ ஆகும். பக்கத்தில் பாட்டெண், அல்லது காதை எண்ணும் அடியெண்ணும். எந்தச் சுருக்கம் எந்த நூலைக் குறிக்கும் என்பதை விளக்கும் முதற்குறிப்பகராதி பதிப்பின் முன்பகுதியில் அச்சிடப்பட்டிருக்கும். முதல் முறை, இரண்டாம் முறை என்ற வேறுபாடே இந்த ஏற்பாட்டில் கிடையாது. முதல் குறிப்பில் எப்படி வருமோ அப்படியே ஐந்நூறாவது குறிப்பிலும் வரும்.

இதன் அருமையை ஆய்வு மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டும். ‘புறநா. 18’ என்ற குறிப்பைப் பார்ப்பவர் அதற்கு முந்தைய குறிப்பைப் பார்க்கத் தேவையில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கையில் கொடுத்தாலும் மூலத்தை அடைந்துவிடலாம். இன்னொன்று, பாட்டெண் பதிப்புக்குப் பதிப்பு மாறாது. ஐயர் பதிப்பை வைத்திருப்பவரும் பின்னாளைய மலிவுப் பதிப்பை வைத்திருப்பவரும் ஒரே பாட்டைத் திறப்பார்கள். பக்க எண் கொடுத்திருந்தால் முதல் பதிப்பு அழிந்த நாளிலேயே குறிப்பும் பயனற்றுப் போயிருக்கும். ஐயரவர்கள் 1942-இல் மறைந்தார். அவர் பெயரால் 1943-இல் தோன்றிய நூல்நிலையம் அந்தப் பதிப்புகளை மறுபடி மறுபடி அச்சிட்டு வந்திருக்கிறது. பழைய முதற்குறிப்புகள் இன்றைய வாசகரையும் சரியான பாட்டில் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

பேரகராதி அலுவலகம்

ஐயரவர்கள் ஒரு பதிப்பளவில் செய்ததை ஓர் அலுவலகமே பேரளவில் செய்த இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி அலுவலகம். மதுரையில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரியார் ஜே.எஸ். சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1913-இல் வேலை தொடங்கியது. மு. இராகவையங்கார் தலைமைத் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தார். 1924-இல் முதல் பகுதி வெளிவந்தது. 1926-இல் எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியரானார். 1936-இல் ஆறு தொகுதிகளும் முடிந்தன; 1939-இல் அநுபந்தமும் வந்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள்.

ஒவ்வொரு சொல்லுக்கும், ஒவ்வொரு பொருளுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். அந்த ஆதாரங்கள் சில நூறு நூல்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். பிங்கலந்தை ‘பிங்.’ என்றும் திவாகரம் ‘திவா.’ என்றும் கம்பராமாயணம் ‘கம்பரா.’ என்றும் சுருங்கின. வின்சுலோ அகராதிக்கு ஓர் ஆங்கில எழுத்தே போதுமானதாயிற்று. கல்வெட்டுத் தொகுதிகளுக்கும் வட்டார வழக்குக்கும் தனித்தனிக் குறியீடுகள் அமைந்தன. பல பண்டிதர்கள், பல ஆண்டுகள், இடையே பதிப்பாசிரியர் மாற்றம் என்று இத்தனை இருந்தும் முதல் தொகுதியில் ‘சிலப்.’ எந்த நூலைக் குறித்ததோ அதையே ஆறாம் தொகுதியிலும் குறித்தது. ஒரு நிறுவனம் தன் குறியீட்டை ஒருமுறை வகுத்துக்கொண்டு, ஆட்கள் மாறினாலும் அதை மாற்றாமல் காத்ததற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் இல்லை.

இன்று இந்தப் பேரகராதியை உலகெங்கும் உள்ளவர்கள் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் தேடிப் பார்க்கிறார்கள். கணினி தனியே பிரித்துக் காட்டும் ஒரு பதிவில்கூட ஆதாரம் தெளிவாக நிற்கிறது. மேலே பார், முன்னே பார் என்று எழுதப்பட்டிருந்தால், பதிவு தனியே பிரிந்ததும் ஆதாரம் அறுந்திருக்கும். தாளுக்காக வகுத்த முறை தாள் போன பிறகும் வேலை செய்வதற்குக் காரணம், அது தன்னளவில் முழுமையாக இருந்ததுதான்.

நம் துறையும் தட்டச்சுக் காலமும்

நம் துறை தொடங்கிய காலத்தில் ஆய்வேட்டை உருவாக்கியது தட்டச்சுப்பொறி. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா போன்றோரின் உழைப்பால் தமிழுக்கு வாய்த்த அந்தப் பொறியில் அடிக்குறிப்பு போடுவது ஒரு தனிக் கலை. குறிப்பு எண்ணை வரிக்கு மேலே தூக்கி அடிக்க உருளையை அரைப் பல் திருப்ப வேண்டும். அடித்ததும் மறுபடி இறக்க வேண்டும். பக்கத்தில் எத்தனை குறிப்பு வரும், ஒவ்வொன்றும் எத்தனை வரி பிடிக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து வைத்துக்கொள்வார் தட்டச்சர். கணக்கு ஒரு வரி தவறினால் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். அடியில் கார்பன் படிகள் வேறு.

அந்த நெருக்கடியில் ‘மேலது’ என்ற ஒற்றைச் சொல் பெரிய உதவியாக வந்தது. மேலே சொன்ன நூலே இதுவும் என்று பொருள். அதன் பக்கத்தில் பக்க எண்ணை மட்டும் அடித்தால் போதும். இடையில் வேறு நூல் வந்துவிட்டால் ஆசிரியர் பெயரோடு ‘மு.கு.நூ.’, முன் குறிப்பிட்ட நூல் என்பதன் சுருக்கம். இரண்டும் ஆங்கில ஆய்வேடுகளில் வழங்கிய இலத்தீன் குறியீடுகளைப் பின்பற்றி நம் ஆய்வு நெறிக்குள் வந்தவை. நம் துறையில் சைக்ளோஸ்டைல் செய்து கொடுத்த விதித்தாளிலும் இவை இடம்பெற்றன. ஆய்வேட்டில் இவை இல்லாவிட்டால் புறத்தேர்வாளர் முகம் சுளிப்பார் என்ற எண்ணமும் மாணவரிடையே பரவியிருந்தது.

‘மேற்படி’ என்ற வழக்கு நம் மண்ணுக்கு அந்நியமும் இல்லை. பத்திரங்களிலும் கணக்குகளிலும் அது காலங்காலமாக உண்டு. அதற்கெனத் தனிக் குறியே தமிழில் இருக்கிறது. ௸ என்ற அந்தக் குறி 2003-இல் ஒருங்குறியிலும் சேர்ந்தது. ஆனால் கிரயப் பத்திரம் ஒரே மூச்சில் எழுதப்படுவது. எழுதிப் பதிவு செய்தபின் நடுவில் ஒரு வரி நுழையாது. மேலே இருந்தது என்றைக்கும் மேலேயே இருக்கும். ஆய்வேட்டின் நிலை அப்படிப்பட்டதா? நெறியாளர் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்வார், இன்னொன்றை நீக்கச் சொல்வார், மூன்றாம் இயலில் உள்ளதை இரண்டாம் இயலுக்கு மாற்றச் சொல்வார். பத்தி நகரும்போது அதன் குறிப்பும் நகரும். ‘மேலது’ மட்டும் புதிதாகத் தன் மேலே வந்து அமர்ந்த நூலைச் சுட்டத் தொடங்கும்.

தட்டச்சுக் காலத்தில் இந்த ஆபத்து ஓரளவு கட்டுக்குள் இருந்தது. திருத்தம் என்றால் பக்கத்தைத் திரும்ப அடிக்க வேண்டும் என்பதால் திருத்தங்களே குறைவு. திரும்ப அடிக்கும்போது மாணவர் கையெழுத்துப் படியோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அந்தச் சிரமமே காவலாக இருந்தது.

இன்னொரு வழக்கமும் அக்காலத்தில் புகுந்தது. பக்க அடியில் இடம் கணக்கிடும் தொல்லைக்காகக் குறிப்புகளை இயல் இறுதிக்குக் கொண்டுபோனார்கள். படிப்பவர் எண் 47-ஐப் பார்த்ததும் இயல் இறுதிக்குப் புரட்டுவார். அங்கே ‘மேலது, ப. 112’ என்றிருக்கும். மேலே 46-ஐப் பார்த்தால் அதுவும் ‘மேலது’. அப்படியே 41 வரை ஏறிப் போனால் ‘மு.கு.நூ.’ என்றிருக்கும். முன் எங்கே குறிப்பிட்டார் என்று தேட ஐந்தாறு பக்கம் பின்னோக்கிப் போக வேண்டும். இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 1776-இல் எட்வர்ட் கிப்பனின் உரோமப் பேரரசு வரலாறு முதல் தொகுதி வெளிவந்தபோது குறிப்புகள் நூல் இறுதியில் இருந்தன. தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் அதைப் படித்துவிட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் கடைசிப் பக்கத்துக்கு ஓடினால் பெரும்பாலும் வெறும் நூற்பெயர்தான் கிடைக்கிறது, இவற்றைப் பக்க ஓரத்திலோ அடியிலோ அச்சிடுங்கள் என்று பதிப்பாளருக்கு எழுதினார். பின்வந்த பதிப்பில் குறிப்புகள் பக்க அடிக்கு வந்தன.

சிகாகோவில் நடந்தது

நாம் யாரைப் பார்த்து ‘மேலது’ எழுதத் தொடங்கினோமோ அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. சிகாகோப் பல்கலைக்கழக அச்சகம் 1891-இல் தொடங்கியது. பேராசிரியர்களின் கையெழுத்துப் படிகள் ஆளுக்கொரு விதமாக வர, அச்சுக்கோப்பவர்களும் மெய்ப்புத் திருத்துவோரும் தங்களுக்கென ஒரு விதித்தாளை எழுதி வைத்துக்கொண்டார்கள். அது வளர்ந்து 1906-இல் நூலாக வெளிவந்தது. இன்று ஆய்வுலகம் முழுவதும் மேசையில் வைத்திருக்கும் சிகாகோ நடைக் கையேடு அதுதான்.

அதே பல்கலைக்கழகத்தில் கேட் டுராபியன் என்ற அம்மையார் 1930 முதல் 1958 வரை ஆய்வேட்டுச் செயலராக இருந்தார். அங்கே பட்டத்துக்கு வந்த ஆய்வேடுகள் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். மாணவர்கள் செய்யும் பிழைகளைக் கண்டு 1937-இல் அவர்களுக்காகச் சிறு கையேடு ஒன்றை எழுதினார். அவர் பேராசிரியரும் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவரும் இல்லை; அலுவலகப் பணியாளர். அவர் கையேடு பதிப்புமேல் பதிப்பாக வந்து பல தலைமுறை மாணவரின் கைநூலாயிற்று. நம் துறையிலும் ஆய்வேடுகளின் வடிவத்தைக் காத்தவர்களில் அலுவலக உதவியாளர்களுக்கும் தட்டச்சர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. பட்டியலில் அவர்கள் பெயர் வருவதில்லை என்பதால் இங்கே நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

சிகாகோக் கையேடு ‘மு.கு.நூ.’ வகைக் குறியீட்டை முன்பே கைவிட்டுவிட்டது. ‘மேலது’ வகைக் குறியீட்டை மட்டும் நெடுங்காலம் ஏற்று வந்தது. 2017-இல் வெளிவந்த 17-ஆம் பதிப்பில் அதையும் தவிர்க்கும்படி சொன்னது. 2024-இல் வந்த 18-ஆம் பதிப்பும் அதே நிலையில் நிற்கிறது. அதற்குப் பதிலாகச் சொன்ன வழி, ஆசிரியர் பெயரும் நூலின் குறுந்தலைப்பும் பக்க எண்ணும் கொண்ட சுருங்கிய குறிப்பு. காரணமும் நியாயமானது. மின்னூலில் குறிப்பு எண்ணைத் தொட்டால் அந்த ஒரு குறிப்பு மட்டும் திரையில் எழும். அங்கே ‘மேலது’ என்றிருந்தால் எதன் மேல்? அச்சிலும்கூடக் குறுந்தலைப்பு பெரும்பாலும் ஒரே வரியில் அடங்கிவிடும் என்பதால் ‘மேலது’ மிச்சப்படுத்தும் இடம் ஒன்றுமில்லை.

இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு குறிப்பும் தன்னளவில் முழுமையாக நிற்க வேண்டும் என்று சிகாகோ 2017-இல் வந்து சேர்ந்த இடத்தில் ஐயரவர்கள் 1880-களிலேயே இருந்தார்கள். பேரகராதி அலுவலகம் அதையே தன் விதியாகக் கொண்டிருந்தது. நடுவே நாம்தான் வீட்டு முறையை விட்டுவிட்டு வெளியார் முறையை எடுத்துக்கொண்டோம். அவர்களோ அதை விட்டுவிட்டார்கள்.

கணினி வந்த பிறகு

நம் துறையில் கணினி வந்ததும் அடிக்குறிப்பு எளிதாகிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். எண் தானே விழும். பக்க அடியில் இடம் தானே ஒதுங்கும். நடுவில் ஒரு குறிப்பு சேர்த்தால் பின்னுள்ள எண்களெல்லாம் தாமே மாறும். தொடக்கத்தில் எழுத்துரு படுத்திய பாடு உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவர்களுக்கு, உடற்பகுதி தமிழாகத் தெரியும். அடிக்குறிப்புக்கு மென்பொருள் தானாக வேறு எழுத்துருவைக் கொடுத்துவிட, அங்கே ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு குறிப்பையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்ற வேண்டும். ஒருங்குறி பரவியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

தீராதது ‘மேலது’. எண்ணை மாற்றத் தெரிந்த மென்பொருளுக்கு நாம் கையால் அடித்த ‘மேலது’வின் பொருள் தெரியாது. ஓர் எடுத்துக்காட்டு. பதினான்காம் குறிப்பில் வையாபுரிப்பிள்ளையின் ‘காவிய காலம்’. பதினைந்தாம் குறிப்பில் ‘மேலது’ என்று வைத்துக்கொள்வோம். நெறியாளர் சொன்னதால் இரண்டுக்கும் நடுவே வேறொரு பத்தி நுழைகிறது. அதில் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் நூல் ஒன்று பதினைந்தாம் குறிப்பாகிறது. பழைய பதினைந்து இப்போது பதினாறு. எண்கள் ஒழுங்காக இருக்கின்றன. பக்கம் அழகாக இருக்கிறது. பிழை நடந்த அடையாளமே இல்லை. ஆனால் வையாபுரிப்பிள்ளை கூற்று இப்போது தெ.பொ.மீ. கூற்றாகிவிட்டது. இருவரும் பல இடங்களில் கருத்து மாறுபட்டவர்கள். ஆய்வாளரின் வாதமே தலைகீழாகப் போகக்கூடும். வாய்மொழித் தேர்வில் ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து கேட்டால் மாணவர் திகைத்து நிற்பார். யாரும் கேட்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம்; பிழை நூலாக அச்சேறி, அடுத்த ஆய்வாளரின் குறிப்பிலும் ஏறிக்கொள்ளும்.

2006-இல் வெளிவந்த ஸோடீரோ போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள்களுக்கு இந்தத் தொடர்பு தெரியும். நூலின் விவரத்தை ஒருமுறை உள்ளிட்டால், குறிப்பு எங்கே நகர்ந்தாலும் முழுக் குறிப்பா, சுருங்கிய குறிப்பா என்று அதுவே முடிவு செய்யும். இதை நம் மாணவர்கள் கற்றுக்கொள்ளட்டும், இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கருவியை நம்பியும் ‘மேலது’ எழுத வேண்டாம் என்பேன். ஆய்வேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவதும், ஒரு பகுதியை மட்டும் வெட்டிக் கட்டுரையாக்குவதும் இன்று அன்றாடம் நடக்கின்றன. வெட்டிய இடத்தில் ‘மேலது’ அநாதையாகிவிடும்.

தமிழ்ப் பெயர்களும் தமிழ் நூல்களும்

சுருங்கிய குறிப்புக்கு மாறும்போது அயல் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாத இடங்கள் உண்டு. முதலாவது, பெயர். மேலைநாட்டார் குடும்பப் பெயரை மட்டும் எழுதினால் ஆள் விளங்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தலையெழுத்துத்தான் ஆளைப் பிரிக்கிறது. ‘சுப்பிரமணியன்’ என்று மட்டும் எழுதினால் ச.வே. சுப்பிரமணியனா, வரலாற்று அறிஞர் ந. சுப்பிரமணியனா? அவர்களோடு கா. சுப்பிரமணிய பிள்ளையும் சேர்ந்தால் குழப்பம் முற்றும். எனவே எத்தனை முறை வந்தாலும் தலையெழுத்தோடு எழுத வேண்டும். மு.வ., தெ.பொ.மீ., கா.சு. என்று ஊரறிந்த சுருக்கங்களைக் கையாள விரும்பினால் முன்பக்கப் பட்டியலில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, ஒரே ஆசிரியரின் பல நூல்கள். வையாபுரிப்பிள்ளையின் ‘இலக்கிய தீபம்’, ‘இலக்கியச் சிந்தனைகள்’ இரண்டையும் பயன்படுத்தும் ஆய்வில் ‘வையாபுரிப்பிள்ளை, மு.கு.நூ.’ என்றால் எதை எடுப்பது? குறுந்தலைப்பாக ‘இலக்கிய’ என்று மட்டும் வெட்டினாலும் பயனில்லை. ‘தீபம்’, ‘சிந்தனைகள்’ என்ற வேறுபடும் சொல்லும் சேர்ந்து வர வேண்டும்.

மூன்றாவது, உரைகள். தொல்காப்பிய நூற்பாக்களை இளம்பூரணர் பகுத்தபடியே நச்சினார்க்கினியர் எல்லா இடத்திலும் பகுக்கவில்லை. ஒருவர் ஒரு நூற்பாவாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகக் கொள்வார். அதனால் எண் முன்பின்னாகும். ‘தொல். பொருள்.’ என்று எழுதி எண்ணை மட்டும் கொடுத்தால், கையில் வேறு உரை வைத்திருப்பவர் அடுத்த நூற்பாவைப் படித்துவிட்டு ஆய்வாளரைக் குறை சொல்வார். எண்ணுக்குப் பின் ‘இளம்.’ அல்லது ‘நச்.’ என்று உரையாசிரியர் குறியும் ஒவ்வொரு முறையும் வர வேண்டும். குறளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்போம். அதிகாரத்துக்குள் குறள் வைப்புமுறையில் பரிமேலழகருக்கும் மணக்குடவருக்கும் வேறுபாடு உண்டு. யார் வைப்பைப் பின்பற்றுகிறோம் என்று முன்பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது.

துறைக்கு ஒரு விதித்தாள்

இந்த ஐம்பது ஆண்டு அனுபவத்திலிருந்து, இனி வரும் ஆய்வேடுகளுக்காகச் சில விதிகளைத் துறையின் முன் வைக்கிறேன்.

இலக்கிய, இலக்கண மூலநூல்களை அடிக்குறிப்பில் போட வேண்டாம். மேற்கோளின் முடிவிலேயே அடைப்புக்குள் முதற்குறிப்பும் பாட்டெண்ணும் அடியெண்ணும் தரலாம். ‘சுருக்கக் குறியீட்டு விளக்கம்’ என்று ஆய்வேட்டின் முன்னே நாம் வழக்கமாக வைக்கும் பக்கம் இதற்கே உரியது. அந்தப் பக்கத்தை ஒப்புக்கு வைக்காமல், ஆய்வேட்டில் வரும் ஒவ்வொரு சுருக்கத்தையும் அதில் சேர்க்க வேண்டும். சுருக்கங்களைப் புதிதாகப் படைக்காமல் பேரகராதியின் முதற்குறிப்புகளையே எடுத்துக்கொள்வது நலம். அப்போது நம் துறை ஆய்வேடுகள் எல்லாம் ஒரே மொழி பேசும்.

ஆய்வு நூல்களையும் கட்டுரைகளையும் ஒவ்வோர் இயலிலும் முதன்முறை வரும்போது முழு விவரத்தோடு தர வேண்டும். அதன் பிறகு எத்தனை முறை வந்தாலும் தலையெழுத்தோடு ஆசிரியர் பெயர், குறுந்தலைப்பு, பக்க எண். ஒரே நூலின் இரண்டு பதிப்புகளைப் பயன்படுத்தியிருந்தால் பதிப்பாண்டும் ஒவ்வொரு முறையும் சேர வேண்டும்.

ஒரே பத்தியில் ஒரே நூலிலிருந்து நான்கைந்து இடங்களைக் காட்டினால், வரிக்கொரு எண் போட்டுப் பக்கத்தை நிரப்ப வேண்டியதில்லை. பத்தி முடிவில் ஒரு குறிப்பு போட்டு, பக்க எண்களை மேற்கோள் வந்த வரிசையில் கொடுத்தால் போதும். ஒரு நூலைப் பற்றியே இயல் முழுவதும் பேசுவதானால், முதல் குறிப்பில் அதைச் சொல்லிவிட்டு, பக்க எண்ணை உடற்பகுதியில் அடைப்புக்குள் தரலாம்.

குறிப்புகள் பக்க அடியிலேயே இருக்கட்டும். இயல் இறுதிக்குக் கொண்டுபோகத் தட்டச்சுக் காலத்தில் காரணம் இருந்தது, இன்று இல்லை.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன், நெறியாளரும் மாணவரும் நடுவிலிருந்து ஏதேனும் ஒரு பக்கத்தை எடுத்து, அதில் உள்ள குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு நூலக அலமாரிக்குப் போக வேண்டும். அந்தப் பக்கத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் எல்லா நூல்களையும் சரியான பக்கத்தில் திறக்க முடிந்தால் ஆய்வேடு ஒப்படைக்கத் தக்கது. முடியாவிட்டால் திருத்தத் தக்கது.

அடிக்குறிப்பைத் தேர்வாளருக்காக எழுதுவதாக மாணவர்கள் எண்ணக் கூடாது. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து, நம் யாரையும் அறியாத ஒருவர், உங்கள் கருத்தோடு உடன்படாமல், நீங்கள் சொன்னது சரிதானா என்று பார்க்க மூலத்தைத் தேடுவார். அவருக்கு வழிவிட்டு எழுதுவதுதான் ஆய்வு அறம். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த ஐயரவர்களுக்கு, ஒரு மேற்கோளின் இடத்தை எழுதாமல் விட்டால் பின்னால் வருபவர் படும் பாடு தெரிந்திருந்தது. அதனால்தான் ஐந்நூறாவது முறையும் நூலின் பெயரைச் சொன்னார்கள்.

பொன்விழாக் காணும் இவ்வாண்டில் துறையின் பாடக்குழு கூடி, ‘மேலது’, ‘மு.கு.நூ.’ ஆகிய இரண்டையும் ஆய்வேட்டு விதிகளிலிருந்து நீக்கி, பேரகராதியின் முதற்குறிப்பு முறையை நம் முறையாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பணமும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். ஒரு தீர்மானம் போதும்.